அணைக்கும் வரிசை

அக்டோபர் இரண்டாம் செவ்வாய். ரெய்க்யவிக்கில் வெறும் மழை.
கூட்ட அறைத் திரையில் தீவின் படம்,
அதைச் சுற்றி ஒற்றை வளையமாய் உயர் மின்கம்பி;
தெற்கே தடித்து, வடக்கே
இற்றுப்போன அரைஞாண் போல.

போன குளிர்காலத்தின் கணக்கை
ஸ்னைப்யோர்ன் வாசித்தார்:
விரல் தடிமன் கம்பியில் தொடை தடிமன் பனி.
நூற்றுப் பதினேழு மரக்கம்பங்கள்,
அடியில் அல்ல, இடுப்பில் முறிந்தவை.
நீளக் கழியால் தட்டித் தட்டி
அவர் நடந்தது ஒரு கிலோமீட்டர்;
திரும்பிப் பார்த்தால்
தட்டிய இடமெல்லாம் மறுபடி வெள்ளை.
அதைச் சொல்லும்போது மட்டும்
அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

எல்லாரும் பனியைச் சொல்வார்கள்.
எனக்கு உப்புதான் பயம்.
வாடை கடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்,
பீங்கான் வட்டுகளின் மேல் பூசிவிட்டுப் போகும்.
அந்த ஈர உப்பில் கால்வைத்து
மின்சாரம் கம்பத்தில் இறங்கும், பூனை மாதிரி.
ஒரு நீலப் பொறி.
பிறகு ஓர் ஊர் முழுக்க இருட்டு.

ஆகவே பீங்கானைக் கழற்றி ரப்பர் மாட்டினோம்,
பணம் இருந்த தூரம் வரை.
அகுரேரிக்குக் கப்பலில் மூன்று ஜெனரேட்டர்கள்.
கைபேசிக் கோபுர பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும் என்றிருந்தார்கள்,
போன தடவை நாலில் செத்தது;
இருபத்துநான்கு கேட்டோம், பன்னிரண்டு கிடைத்தது.
கம்பியை மண்ணில் புதைத்தால் காற்று தொடாதே என்றேன்.
அமைச்சகத்திலிருந்து வந்த இளைஞர்
கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
பேனாவை மூடினார்.

வெள்ளம் வருமுன் அணை என்பது சரி.
காற்றுக்கு யார் அணை போடுவது?
கையில் இருக்கும் ஒரே அணை
நான் தட்டச்சு செய்த இந்தப் பட்டியல்:
எதை முதலில் அணைப்பது.

அலுமினிய ஆலை சில மணி நேரம் பொறுக்கும்,
அதற்குமேல் உலைக்குள் உலோகம் கல்லாகும்.
விளக்கில் வாழும் தக்காளிக் கண்ணாடி வீடுகள்
ஓரிரவு பொறுக்கும்.
மூன்றாவது, நீச்சல் குளங்கள்; அதற்கு மட்டும்
அறையில் சண்டை வந்தது.
ஆஸ்பத்திரியை யாரும் தொடமாட்டார்கள்.
நான்காவது வரி ஒரு பள்ளத்தாக்கு.
பதினொரு பண்ணைகள், ஒரு தேவாலயம்.
மெகாவாட்டில் சொன்னால் ஒன்றுமே இல்லை.
அறுபத்திரண்டு மாடுகளோடு அங்கே
என் அக்கா தோர்காட்லா இருக்கிறாள்.
கறப்பது இயந்திரம்.
மடி காத்திருக்காது.

நவம்பரில் ஒத்திகை. பொய்ப் புயல், உண்மை நாற்காலி.
பொய்யாக ஒரு கம்பி விழுந்தது, பொய்யாக இன்னொன்று.
மூன்று வரிகளை அணைத்தேன்.
நான்காவதில் என் விரல் பதினொரு நொடி நின்றதாம்,
கணினி எழுதி வைத்திருக்கிறது.
மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை;
அந்த எண்ணுக்குக் கீழே
ஒரு கோடு மட்டும் போட்டார்.

அன்றிரவு அவளைக் கூப்பிட்டேன்.
வெளியே சொல்லக்கூடாத பட்டியல். சொன்னேன்.
"தெரியும். போன தடவை நாங்க இருட்டுல இருந்தப்போ
மலைக்கு அந்தப் பக்கம் எரிஞ்சுது.
எனக்குக் கண்ணு இருக்கு."
கொஞ்சம் பொறுத்து,
"உன் வரிசையை நம்பி மாடு வளர்க்க முடியுமா?
டிராக்டர்ல மாட்டுற ஜெனரேட்டர் வாங்கிட்டேன்.
எய்விந்துர் வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுக்கணும்,
என்ன கனம் வேணும்னு சொல்லு."
ஒரு மணி நேரம் நாங்கள்
கேபிளின் கனத்தைப் பற்றியே பேசினோம்.

டிசம்பர் பதினாறு. எச்சரிக்கை மஞ்சளாய் இருந்தது,
விடியுமுன் ஆரஞ்சு, மதியத்துக்குள் சிவப்பு.
ஸ்னைப்யோர்ன் வடக்கே
சங்கிலிச் சக்கர வண்டியில்
பூட்ஸைக் கழற்றாமல் தூங்குகிறார்.
காற்றழுத்தக் கோடு என் திரையில்
படிக்கட்டு இறங்குகிறது, அவசரமில்லாமல்.
கைபேசியில் ஒரு செய்தி:
"டீசல் நிரப்பியாச்சு. வேணும்னா அணை."

பதில் எழுதவில்லை.
பின்னால் யாரோ கெட்டிலைப் போட்டார்கள்,
இருக்கும்போதே.